சப்பாத்துக் கடி

தம்பி,

கடந்த ஞாயிறு நீ சிட்னியிலிருந்து தொலைபேசி எடுத்தபோது, "வதனி ஏன் இப்பிடி ஒதுங்கிக் கதைக்கிறாள், அங்கை ஏதும் நடந்ததோ அப்பா?" என்று கேட்டாய். நான் "இந்தா, அம்மாவோடை கதை" என்று சொல்லி ரிசீவரை அவளின் கையில் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே நீ பேசி முடிக்கும்வரை நின்றேன். காரணம் எனக்குத் தெரியும். வதனி விலகிப் போனதற்குக் காரணம் நான்தான். இதை உன்னிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரிசையாகச் சொல்லலாம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாகச் சொல்வது ஒன்றுதான் எனக்கு ஓரளவு கைவந்தது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். இப்போது அதிலும் அவ்வளவு நிச்சயம் இல்லை. களைப்பாகவும் இருக்கிறது. எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொண்டு வாசி.

சென்ற குளிர்காலத்தில் நீ என்னை நகருக்குள் அந்தத் தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனதிலிருந்து தொடங்குகிறேன். வதனியை உனக்குக் கல்யாணம் பேசி முடிந்த கையோடு, "இதுக்குச் சரியான பேர் தெரிய வேணும் அப்பா" என்று நீதான் பிடிவாதமாக நின்றாய். எனக்குப் பேர் தெரிய விருப்பம் இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது: சூடு. என் தகப்பனாருக்குக் காலில் சூடு, எனக்குக் காலில் சூடு, பிறகு உனக்கும். சூடு என்றால் எண்ணெய் வைத்து முழுகலாம், வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கலாம். வெயில் காலத்தில் கூடி மழைக்காலத்தில் குறைந்ததால் அந்தப் பேரைச் சந்தேகிக்கவும் தோன்றவில்லை. அந்த வைத்தியர் உன் காலையும் என் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து அழிக்கும் இறப்பர் ஒன்றால் என் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு, அந்த இடத்தில் நீர் கோக்கிறதா என்று காத்திருந்தார். கோத்தது. பிறகு எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற நீண்ட பேரைச் சொன்னார். தோலின் மேற்படை கீழே சரியாகப் பிடித்துக்கொள்ளாதபடி பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது. தேய்ந்த இடத்தில் அது கழன்று கொப்புளமாகிறது. இதில் பல வகை உண்டு, சில வகையில் உடம்பெங்கும் வரும், அந்தக் குழந்தைகளைத் தூக்குவதற்கே தாய்மார் பயப்படுவார்கள் என்றார். "உங்களுடையது ஓரிடத்து வகை. கையும் காலும் மட்டும். நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்."

நான் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நீ பிடித்துக்கொள்ளவில்லை. "எனக்குப் பிள்ளை பிறந்தால்?" என்று கேட்டாய். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, காசைச் சுண்டிப் பார்ப்பது போல, என்றார். வந்தால் பெரும்பாலும் எங்கள் வகையாகத்தான் வரும், தொற்றாது, மாற்ற மருந்து இல்லை. வெளியே வந்து காரில் ஏறும்போது, "அப்பா, நான் வதனிக்குச் சொல்லப்போறன்" என்றாய். நான் "ஓம்" என்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் நாங்கள் ஓம் என்றுதானே சொல்கிறோம். நான் சொன்னது அந்த ஓம்.

நான் ஏன் அப்படி என்பதை விளக்க முயல்கிறேன்; நியாயம் கேட்பதற்காக அல்ல. வாலிபத்தில் நான் நில அளவைப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துத் தேறினேன். காட்டிலும் வெளியிலும் அளவுச் சங்கிலி பிடித்து நடக்க வேண்டிய உத்தியோகம் அது. முதல் வாரத்திலேயே என் உள்ளங்கால் தோல் காலுறையோடு வந்துவிட்டது. வரைபடப் பகுதிக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு, கொழும்புக் கந்தோர் ஒன்றில் மற்றவர்கள் அளந்து வந்த நிலத்தை மேசையில் வரைந்தே ஓய்வுபெற்றேன். "உவர் கதிரையோடை பிறந்தவர்" என்று கூட வேலை செய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். நொண்டி நடந்த நாட்களில், "என்ன, புதுச் சப்பாத்துக் காலைக் கடிச்சுப்போட்டுதோ?" என்று யாராவது கேட்பார்கள். "ஓம், சப்பாத்துக் கடி" என்பேன். அந்தச் சொல் எவ்வளவு வசதி என்று உனக்குத் தெரியாது. எல்லோருக்கும் வருவது, நாளைக்குப் போய்விடுவது, யாரும் இரண்டாம் கேள்வி கேட்காதது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்தே என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தேன். யாரும் கேட்கும் முன்பே வாயில் வந்துவிடும் அளவுக்கு அது பழகிவிட்டது.

உனக்கு ஆறு வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வேலையால் வரும்வரை காலைக் கதிரையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பாய். ஊசியை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி, நீரை மட்டும் வெளியேற்றி, மேல்தோல் கிழியாமல் அப்படியே படியவிட்டு, பவுடர் தூவுவேன். அம்மாவால் அதைப் பார்க்க முடியாது. வேறு அறைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் நீ கேட்டாய், "அப்பா, நான் பெரிசானாப் போயிடுமோ?" நான் "போயிடும்" என்றேன். நீ குனிந்து என் கால்களைப் பார்த்தாய். "உங்களுக்குப் போகேல்லையே" என்றாய். அவ்வளவுதான். நான் மற்றக் காலை எடுத்தேன். உன்னிடம் எது உண்டு, என்னிடம் எது இல்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ ஒரு விஷயத்தைப் பார்த்தால் பார்த்ததைச் சொல்கிறவன்.

அப்படித்தான் வதனிக்கும் சொன்னாய். அவள் அதைத் தன் தாய் தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை பின்நேரம் அவர்கள் இருவரும் மல்கிரேவிலிருந்து இங்கே நோபல் பார்க்குக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பருத்தித்துறை வடையும் கொண்டு வந்திருந்தார்கள். வெயிலைப் பற்றியும், புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களைப் பற்றியும், எந்தக் கடையில் செத்தல் மிளகாய் கிடைக்கிறது என்பதைப் பற்றியும் பேசினோம். அம்மா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போன நேரம் பார்த்து வதனியின் தகப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டு கேக்கோணும், குறை நினைக்கக் கூடாது. தம்பிக்குக் காலிலை ஏதோ எண்டு பிள்ளை சொல்லுறாள். பரம்பரை எண்டும் சொல்லுறாள். மெய்யோ?"

"சீச்சீ," என்றேன். "சப்பாத்துக் கடி. இஞ்சத்தைச் சப்பாத்து அவனுக்குக் கொஞ்சம் இறுக்கம்."

அவர் கதிரையில் சாய்ந்து பெரிதாகச் சிரித்தார். "பாத்தீரே?" என்றார் மனைவியிடம். "நான் அப்பவே சொன்னனான். இந்தக் காலத்துப் பிள்ளையள் ஒரு கொப்புளம் வந்தாலும் அதுக்கு இங்கிலீசிலை ஒரு பேர் வைச்சுப்போடுவினம்."

"எனக்கு இப்பதான் நெஞ்சு ஆறிச்சுது," என்றார் வதனியின் தாய். "அப்ப கலியாணச் சப்பாத்தை ஒரு சைஸ் கூட்டி வாங்குவம், என்ன அண்ணை?"

"ஓம், அது நல்லது" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

சொன்னபடியே அடுத்த கிழமை ஒரு பெட்டி வந்தது. கறுப்புத் தோல், கண்ணாடி போல மினுக்கம், ஒரு சைஸ் பெரிது. தளர்ந்த சப்பாத்துத்தான் எங்களுக்கு எல்லாவற்றிலும் கேடு, கால் உள்ளே ஆடி ஆடித் தேயும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதுவும் கல்யாணம் தை மாதத்தில்; இந்த ஊரில் அது கோடை. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். நடந்ததை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். "உங்கடை வாயாலை வந்த சப்பாத்து," என்றாள். "நீங்களே போட்டுக்கொண்டு நடவுங்கோ."

நான் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான் அவர்களுக்குச் சொன்ன ஒன்று வதனியின் கண்ணில் வேறொன்றாகத் தெரியும் என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு கோட்டையும் யோசித்து வரைவதே தொழிலாக இருந்த மனிதன் நான். அவள் நினைத்தது இது: இவரின் தகப்பனே சப்பாத்துக் கடி என்கிறார், அப்படியானால் இவர் ஏன் என்னிடம் பரம்பரை, பிள்ளைக்கும் வரும் என்றெல்லாம் சொன்னார்? கல்யாணத்திலிருந்து கழன்றுகொள்ள ஒரு சாட்டுத் தேடுகிறாரோ? அவளின் தாய் போன கிழமை தொலைபேசியில் அம்மாவிடம் வெடித்துவிட்டார். "தம்பிக்கு மனமில்லாட்டி நேரை சொல்லச் சொல்லுங்கோ அக்கா. சிட்னியிலை ஆரும் வெள்ளைக்காரப் பிள்ளை இருந்தாலும் பறவாயில்லை, மறைக்க வேண்டாம். இல்லாத வருத்தத்தைச் சொல்லி எங்கடை பிள்ளையை ஏன் பயப்படுத்துவான்?" அதற்குப் பிறகுதான் நீ எடுத்தாய். அதற்குப் பிறகுதான் நான் பின்வளவுக்குப் போனேன். உண்மை பேசிய நீ பொய்யனாகவும், பொய் பேசிய நான் கண்ணியமான பெரிய மனிதனாகவும் அந்த வீட்டில் இருந்தோம்.

நேற்று அவர்களின் வீட்டுக்குப் போனோம். "வாறம் எண்டு போன் எடுத்துச் சொல்லும்" என்று அம்மாவிடம் சொன்னேன். "என்னத்துக்கெண்டு சொல்ல?" "சும்மா எண்டு சொல்லும்." "சும்மா போறவை சப்பாத்துப் பெட்டியோடையோ போவினம்?" என்றாள், ஆனால் சேலை மாற்றிக்கொண்டு எனக்கு முதல் டாக்சியில் ஏறி இருந்துவிட்டாள். வழி முழுவதும் நான் வசனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். அவர்களின் கதிரையில் இருந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "அண்டைக்கு நான் பொய் சொன்னனான். பரம்பரைதான். எனக்கும் இருக்கு, என்ரை தகப்பனுக்கும் இருந்தது" என்றேன்.

வதனியின் தகப்பன் இந்த முறை சிரிக்கவில்லை. "அண்டைக்கு ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை. நாங்கள் எதை நம்புறது?" அவளின் தாய், "தம்பிதான் இப்பிடிச் சொல்லச் சொல்லி அனுப்பினவரோ?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் வாயால் சொல்வது எதற்கும் இனி அந்த வீட்டில் பெறுமதி இல்லை என்று. குனிந்து காலுறைகளைக் கழற்றினேன். பிறர் வீட்டில் நான் செய்யாத காரியம் அது. இந்தக் கிழமை வெயில் கடுமை. கால் எப்படி இருந்தது என்று நான் உனக்கு விவரிக்கத் தேவையில்லை. வதனியின் தாய் வாயைப் பொத்திக்கொண்டார். தகப்பன் எழுந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். அவருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை போலும். நல்ல மனிதர்.

வதனி வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "அங்கிள், ஸ்ட்ரெய்ட்டாச் சொல்லுங்கோ," என்றாள். "நீங்கள் அண்டைக்கு அப்பாவுக்குச் சொன்னது சிட்னியிலை அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை. இண்டைக்கு வந்ததும் தெரியாது."

"அப்ப அவர் எனக்குச் சொன்னது எல்லாம் ட்ரூ."

"எல்லாம்."

அவள் நிலத்திலேயே இருந்துவிட்டாள். "நான் அவரோடை எவ்வளவு ரூடாக் கதைச்சனான்," என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருவருப்பு இல்லை, இரக்கமும் இல்லை. விலை கேட்காமல் ஒரு பொருளைப் பார்க்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "இது வரும் எண்டு உங்களுக்கு முதலே தெரிஞ்சிருந்தா, அவரைப் பெத்திருப்பியளோ?"

"வதனி! பெரியாக்களிட்டைக் கேக்கிற கேள்வியே இது?" என்று தகப்பன் அதட்டினார்.

"கேக்கட்டும்," என்றாள் அம்மா. "நான்தானே பெத்தனான், என்னைக் கேள் பிள்ளை. பெத்திருப்பன். ஆனா ஊசி பிடிக்க என்னாலை ஏலாது எண்டு இவருக்கு முதலே சொல்லியிருப்பன்."

"நான் அங்கிளைத்தான் அன்ரி கேட்டனான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். "பெத்து, வளத்து, வேலைக்கும் அனுப்பியாச்சு, இனி யோசிச்சென்ன!" என்று வதனியின் தகப்பன் சொல்ல, அம்மாவும் வதனியின் தாயும் சிரித்துவிட்டார்கள். வதனி சிரிக்கவில்லை. கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளிப் போடுவோமா என்று பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள். அவள் குறுக்கிட்டு, வெள்ளிக்கிழமை ரயிலில் சிட்னிக்குப் போகிறேன், பெரியம்மா வீட்டில் நிற்பேன், உன்னிடம் நேரே பேச வேண்டும் என்றாள். "ஓமோ இல்லையோ அங்கை அவருக்குத்தான் சொல்லுவன், இஞ்சை இல்லை." தகப்பன் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. எங்களைத் தன் காரிலேயே கொண்டுவந்து வீட்டில் விட்டார். வழியில் கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் பேசினார்.

வெள்ளிக்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும். அவள் வந்தால் கெஞ்சாதே. வைத்தியர் அதிர்ஷ்டம் என்று சொன்னதை அவளிடம் சொல்லாதே. அந்தச் சொல்லை யார் பாவிக்கலாம் என்பதை அவள் தீர்மானிக்கட்டும். கோடையில் நீ வேலையிடத்தில் நிற்க முடியாத நாட்கள், கையில் கொப்புளம் வந்து பேனா பிடிக்க முடியாத நாட்கள், எல்லாவற்றையும் சொல். அந்த வைத்தியரின் விலாசத்தைக் கொடு. தானே போய்க் கேட்கட்டும். அவள் ஓம் என்றால், உன் காலை நீயே பார்த்துக்கொள், ஊசியை அவள் கையில் கொடுக்காதே. அது ஒரு வீட்டுக்குள் மெல்ல மெல்ல எதையெல்லாம் தின்னும் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்து, அந்தப் பாதி உங்கள் பக்கம் விழுந்தால், அது நடக்க ஆசைப்படும்போது நடக்க விடு. போய்விடும் என்று சொல்லாதே. அவள் இல்லை என்றால், அவளை வெறுக்காதே. என்னை வெறுக்க உனக்கு உரிமை இருக்கிறது. அதை நான் தட்டமாட்டேன். ஆனால் அவள் உன்னிடம் கேட்பது எல்லாம் கேட்கத் தகுந்தவை.

அவளின் கேள்விக்கு இன்று காலை முழுவதும் யோசித்தேன். இதுதான் பதில். என் கால் எனக்குப் பழகிவிட்டது. உன் கால் எனக்கு ஒரு நாளும் பழகவில்லை. தெரிந்திருந்தால் நான் பயந்திருப்பேன். பயந்து, உன்னைப் பெறாமல் விட்டிருப்பேன். இதை இன்னும் நல்லதாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. சூடு என்று நம்பி நான் அறியாமல் இருந்ததால் நீ வந்தாய். வதனிக்கு அந்த அறியாமை கிடைக்காது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் ஓம் சொல்ல வேண்டும், அல்லது இல்லை சொல்ல வேண்டும். எனக்கு ஒரு நாளும் வராத துணிவு அது.

அவள் உன்னிடம் இதைப் பற்றிக் கேட்டால், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக மழுப்பாதே. "அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா நான் பிறந்திருக்க மாட்டன்" என்று அப்படியே சொல். சொல்லிவிட்டு, பிறந்ததைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதை அவளுக்குச் சொல். அவளுக்கு வேண்டியது அதுதான். அது என்னவென்று எனக்குத் தெரியாது, தம்பி. உன்னிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்பா